முப்பது கிலோ துப்பாக்கி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு எடையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. இந்தக் கதையும் அப்படித்தான். சந்தேகம் உள்ளவர்கள் மார்க்கெட்டில் போய் விசாரித்துக்கொள்ளலாம். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை.

மார்க்கெட் கேட்டில் காவல் நின்றவர் கிருஷ்ணப்பன். கொருக்குப்பேட்டைக்காரர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் சமையல்கட்டில் இருந்துவிட்டு, இனிமேல் உயிர் போனாலும் அடுப்பு முன்னால் நிற்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு ஊர் திரும்பியவர். லைசென்ஸோடு ஒரு .315 ரைஃபிள் வைத்திருந்தார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய மாதிரி. அது சுட்டு யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் திருடர்களும் வரவில்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். தொண்ணூற்றெட்டுத் தேர்தலுக்கு அப்படி ஒப்படைத்தபோது, கேட்டில் வெறுங்கையோடு நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று அவர் புலம்ப, வெல்டிங் கடை டில்லிபாபு முக்கால் இஞ்ச் ஜி.ஐ. தண்ணீர்ப் பைப்பில் மரக்கட்டை வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்து ஒன்று செய்து கொடுத்தான். தேர்தல் முடிகிற வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது பெரிய விஷயமில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

விஷயம் மறுவருஷம்தான். அந்தக் கோடையில் டிவியைப் போட்டால் மலைமேல் சண்டை. மார்க்கெட்டில் டீ குடிக்கிறவன் எல்லாம் துப்பாக்கி நிபுணனாகிவிட்டான். அதே சமயம் கேட்டுக்கு எதிரே போண்டா கடை வைத்திருந்த கிருஷ்ணப்பன் சம்சாரம் ரமாபாய், போண்டா கட்டிக் கொடுக்க வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு மூட்டைப் பேப்பர் வாங்கி வந்தாள். ஹார்பரில் இறங்குகிற வெளிநாட்டுக் கழிவுத்தாள். பிரித்துப் பார்த்தால் மூட்டை முழுக்க அமெரிக்காவில் துப்பாக்கிக்கென்றே வருகிற ஒரு மாதப் பத்திரிகை.

அன்று முதல் கிருஷ்ணப்பன் போண்டாவைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார். மார்க்கெட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவன் நான்தான். இங்கிலீஷில் ஒரே ஒரு மார்க்கில் தவறியவன்.

"இன்னா போட்டுகீறான் மாமு?"

"ரைஃபிளுக்கு மரக்கட்டை போய் பிளாஸ்டிக் வந்துடுச்சாம் நைனா. மழை வெயிலுக்கு உப்பாதாம். அப்பால, நூத்தம்பது வருஷத்துக் கம்பெனி ஒண்ணு கைமாறிடுச்சாம்."

"அடப்பாவமே!" கிருஷ்ணப்பன் நிஜமாகவே பதறினார். "வேல செய்றவன் கதி? யூனியன் இன்னா சொல்லுதாம்?"

"அந்த எடத்துல எண்ணெ."

அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலாளிகளுக்காக ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்திரிகையை நாங்கள் கரைத்துக் குடித்ததில் தெரிந்தது என்னவென்றால், துப்பாக்கியைப் பற்றி நாலு பக்கம், அதில் மாட்டுகிற சாமான்களைப் பற்றி நாற்பது பக்கம். மாடர்ன் ரைஃபிள் என்றால் சாமான்தான் என்று கிருஷ்ணப்பன் முடிவு கட்டினார். சாமானுக்கு எதற்கு அமெரிக்கா? சாத்தாங்காட்டில் இல்லாத இரும்பா?

முதலில் துப்பாக்கியைத் தரையில் ஊன்ற இரண்டு கால் வைத்தார்கள். படத்தில் இருந்தது ஒல்லிக்கால். டில்லிபாபு பதினாறு எம்.எம். முறுக்குக் கம்பியில் வைத்தான்.

"இன்னாத்துக்குடா இத்தினி தடி?" என்றேன்.

"பூகம்பம் வந்தா இன்னா பண்ணுவ மாமு?" என்றான்.

அடுத்து டெலஸ்கோப். காசிமேட்டில் விசைப்படகிலிருந்து கடலில் விழுந்து மீண்ட ஒரு பைனாகுலர் கிடைத்தது. ஒரு கண் செத்துவிட்டது. உயிரோடிருந்த கண்ணை அறுத்து எடுத்துக்கொண்டார்கள். அதைப் பொருத்தும் விதம் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் நாலு போண்டா கட்டிக்கொண்டு ஒரு லாரிக்காரன் எண்ணூருக்குப் போய்விட்டான். ஆகவே டில்லிபாபு தன் அறிவில் பொருத்தினான். உள்ளே கிடந்த இரண்டு கண்ணாடிக் கட்டிகளை அழுக்கு அடைத்திருக்கிறது என்று எடுத்து எறிந்துவிட்டான். அதன் பிறகு அதில் பார்த்தால் உலகமே தலைகீழாகத் தெரிந்தது. லாரிகள் சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு வந்தன. கிருஷ்ணப்பன் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். அதற்கப்புறம் நேராக வந்த லாரிகளைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

பிறகு நிற்கவில்லை. தோளில் மாட்ட, கண்டம் செய்து உடைக்கப் போட்ட அம்பாசடரின் சீட் பெல்ட். தோள்பட்டை வலிக்காமலிருக்கப் பின்னால் ஒரு ஜோடி ஹவாய் செருப்பின் அடிப்பாகம். சத்தம் வராமலிருக்க மோட்டார் சைக்கிள் சைலன்சர். அஞ்சு கட்டை டார்ச், அதற்குச் சைக்கிள் டைனமோ. மழைக்கு ஒரு குடை. இதையெல்லாம் தாங்க ஒரு சைடு ஸ்டாண்டு. கண்திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

ஒருநாள் அதை எடைமேடையில் ஏற்றினோம். நாற்பது டன் மேடை அது. பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது. முப்பது என்று காட்டியது. நானும் முப்பது என்று சீட்டு எழுதி, வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த மாசம் திருட வந்த இரண்டு பேர், வெயிலில் துப்பாக்கியோடு திண்டாடிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பனைப் பார்த்து, அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிழலில் வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மார்க்கெட்டின் பெயர் அப்படிப் பரவியது.

இந்த நேரத்தில் மறுபடியும் தேர்தல் வந்தது. துப்பாக்கியை ஒப்படைக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. தவறினால் லைசென்ஸ் ரத்து. கிருஷ்ணப்பனுக்குப் பிரிய மனமில்லை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். மார்க்கெட் வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்து தெளிவாகச் சொன்னார்: "லைசென்சு போனா வேலையும் போச்சு கிருஷ்ணப்பா. செங்குன்றத்துல ஒருத்தன் காவலுக்கு நாய் தரேன்னு சொல்லிகினு கீறான்."

ரமாபாய் அதைவிடத் தெளிவாகச் சொன்னாள். "யோவ், வேல போச்சுன்னா சும்மா குந்தலாம்னு நெனைக்காத. எண்ணெச் சட்டி முன்னால நிப்பாட்டிடுவேன். பதினேழு வருசம் பட்டாளத்துக்குப் போட்ட கைதான?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

துப்பாக்கியை ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டியில் படுக்க வைத்து, குடை விரிந்துவிடாமல் கயிறு கட்டி, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தினோம். டில்லிபாபு மிதிக்க, நானும் ரமாபாயும் பின்னால் தள்ள, கிருஷ்ணப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். ரோடு நெடுகக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எங்களைக் கண்டதும் டிரைவர்கள் இறங்கித் துண்டை இடுப்பில் கட்டினார்கள். ஒரு லாரி பின்னால் போய் வழி விட்டது. அந்த ரோட்டில் ஒரு லாரி பின்னால் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"யாரு நைனா, உறவா?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"புள்ள மாதிரி," என்று கிருஷ்ணப்பன் மூக்கை உறிஞ்சினார்.

ஸ்டேஷனில் துப்பாக்கி வரவு வைக்கிறவர் ஏட்டு ராசையா. வேட்டியை விலக்கிப் பார்த்தார். மூடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி விலக்கினார்.

"யோவ், துப்பாக்கிய ஒப்படைக்கச் சொன்னா, இன்னாய்யா ரோடு ரோலர இட்டாந்துகீற?"

"இதான் துப்பாக்கி ஏட்டய்யா. மாடர்ன்."

"லைசென்சுல இன்னா கீது? ரைஃபிள் ஒண்ணு. இதுல குடை கீது, செருப்பு கீது. எலுமிச்சம்பழத்த எந்தக் கலத்துல எழுதறது? குழல்ல நம்பர் இருக்கும், அத்தப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். மணி மூணு. எல்லாத்தையும் கழட்டு. அஞ்சு அடிச்சா நோட்ட மூடிடுவேன்."

டில்லிபாபு ஸ்பேனரை எடுத்தான். ஒவ்வொன்றாகக் கழன்றது. குடை, டைனமோ, டார்ச். "மெதுவாடா, மெதுவா," என்று கிருஷ்ணப்பன் ஒவ்வொன்றையும் வாங்கித் தரையில் துணி விரித்து வைத்தார். சைலன்சர் அரை மணி நேரம் வராமல் அடம் பிடித்தது. லாக்கப்பில் இருந்த ஒரு பைக் திருடன் கம்பி வழியாக யோசனை சொன்னான், உடனே வந்துவிட்டது. கால்கள் மட்டும் வெல்டிங். டில்லிபாபு தன் வேலையைத் தானே ஹேக்ஸாவால் அறுத்துக்கொண்டு, "இன்னா மாதிரி வெல்டு வச்சிகீறான் பாரு," என்று தன்னையே பாராட்டினான்.

நாலு முக்காலுக்குக் கடைசி கிளாம்ப் விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

உள்ளே மூன்றடி ஜி.ஐ. பைப் இருந்தது. முக்கால் இஞ்ச், பி கிளாஸ். பெயின்ட் உரிந்த இடத்தில் கம்பெனி போட்ட நீலக் கோடுகூட அழியாமல் இருந்தது.

ராசையா அதைக் கண்ணருகே வைத்து, ஓட்டை வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "துப்பாக்கி எங்கய்யா?"

கிருஷ்ணப்பன் தரையில் குந்தினார். சாமான் குவியலை இரண்டு கையாலும் கிளறினார். செருப்பைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்குள்ளதான் ஏட்டய்யா இருந்துச்சு. தெனிக்கும் எண்ணெ போட்டேன். எவனோ ஸோக்கா உருவிகினு போய்ட்டான்!"

"லைசென்சு துப்பாக்கி காணோமா? வேல போறது இருக்கட்டும், நீயே உள்ள போவ."

மணி ஐந்துக்கு எட்டு நிமிஷம். டில்லிபாபு பைப்பைக் கையில் வாங்கினான், திருப்பினான், நகத்தால் சுரண்டினான். "தல," என்றான் மெதுவாக, "இது போன எலக்சனுக்கு நான் செஞ்ச டம்மி ஆச்சே."

ரமாபாய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்ப போன எலக்சனுக்குக் குடுத்தியே ஒரிஜினலு, அத்த வாங்கினியாய்யா நீ?"

கிருஷ்ணப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "வாங்க வந்தேனே... சாவி வச்சிருக்கறவரு லீவு, நாளைக்கு வான்னாங்க."

ராசையா பழைய நோட்டைப் பரபரவென்று புரட்டினார். தொண்ணூற்றெட்டு ஜனவரி. 'ரைஃபிள் ஒன்று, பெறப்பட்டது.' பக்கத்தில் 'திரும்பப் பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்ற கட்டம், கழுவித் துடைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது. ஆயுத அறையைத் திறந்தார்கள். சுவரோரம் அது நின்றுகொண்டிருந்தது. குழல் வாயில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஆக, ஜில்லாவிலேயே முதல் ஆளாகத் துப்பாக்கியை ஒப்படைத்தவர் எங்கள் கிருஷ்ணப்பன். கெடுவுக்கு ஒன்றரை வருஷம் முன்பே.

ஆனால் நோட்டுக்கு அது போதாதே. போன தேர்தல் வரவு போன தேர்தலோடு. இந்தத் தேர்தலுக்கு இந்தத் தேர்தல் தேதியில் வரவு வேண்டும் என்றார் ராசையா. "இந்தா, இங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. வாசல் வரைக்கும் போ. திரும்பி வந்து ஒப்படை. சீக்கிரம்யா, ரெண்டு நிமிசம்தான் கீது!"

கிருஷ்ணப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வாங்கியவர் வாசலுக்குப் போகவில்லை. துப்பாக்கியைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏட்டய்யா, இது என்னுது இல்ல."

"இன்னா?"

"நாலு கிலோகூட இருக்காது. கால் இல்ல, குடை இல்ல, ஒண்ணுமே இல்ல. இங்க யாரோ பார்ட்ட எல்லாம் கழட்டிகீறாங்க. எழுதுங்க, கம்ப்ளைண்டு எழுதுங்க!"

ராசையா தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ரமாபாய் முன்னால் வந்தாள். புருஷன் காதருகே வாயை வைத்து, "எண்ணெச் சட்டி," என்றாள். அவ்வளவுதான். கிருஷ்ணப்பன் வாசலுக்கு ஓடி, படியைத் தொட்டுவிட்டு, ஓடிவந்து ஒப்படைத்தார். நோட்டில் கையெழுத்து விழவும் கடிகாரம் ஐந்து அடிக்கவும் சரியாக இருந்தது.

மறுநாள் டில்லிபாபு எல்லாவற்றையும் பைப்பில் மறுபடியும் மாட்டிக் கொடுத்தான். கால்களை இந்தத் தடவை இருபது எம்.எம். கம்பியில் வைத்தான். தேர்தல் முடிகிற வரை எல்லா கம்பெனி வாசலிலும் காவல்காரர்கள் வெறும் லத்தியோடு நிற்க, எங்கள் கேட்டில் மட்டும் துப்பாக்கி நின்றது. ஜி.ஐ. பைப்பை ஒப்படைக்கச் சொல்லிச் சட்டத்தில் இடமில்லை. சங்கத் தலைவர் செங்குன்றத்து நாயை வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

தேர்தல் முடிந்து அசல் துப்பாக்கியை வாங்க ஸ்டேஷனுக்குப் போனார் கிருஷ்ணப்பன். சாவி வைத்திருக்கிறவர் லீவு, நாளைக்கு வரச் சொன்னார்களாம். போவார்.

இவ்வளவும் தெரிந்து, அது பைப் என்பது மட்டும் உனக்கு முதலிலேயே தெரியாதா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். எடைமேடைக்காரனிடம் எடையைத்தான் கேட்க வேண்டும். எடை முப்பது கிலோ.