பரீட்சை முடியட்டும்

இண்டூர் போகிற பஸ் மேட்டில் நின்றுவிட்டது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. மேடு வந்தால் இறங்க வேண்டும். இறங்கினால் தள்ள வேண்டும். நானும் இறங்கித் தோள் கொடுத்தேன். பக்கத்தில் தள்ளியவர் எங்கள் ஊர்க் காளியப்பன். எங்கள் கிணற்று மேட்டு நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது.

"பி.ஏ. படிச்சவங்களும் தள்ளித்தான் ஆவோணுமா? உங்கள மட்டும் உக்கார வெச்சு ஓட்டக் கூடாதா இவன்?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். பஸ் கிளம்பியபோது புகை முகத்தில் அடித்தது. ஏறி உட்கார்ந்த பிறகு காளியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பியக் காலேஜில சேக்கப் போறீங்களாமே. கிணத்து மேட்ட எனக்கே குடுத்துடறன்னாரு உங்கப்பாரு. நானாக் கேக்கலீங்க. அவுராத்தான் வந்தாரு."

"சரிங்க" என்றேன்.

"அந்த நெலத்துல பாதிய வித்துத்தான் நீங்க படிச்சீங்க. அதையும் நாந்தான் வாங்குனன். உங்க வூட்டுப் படிப்புக்கெல்லாம் நாந்தான் வாத்தியாரு போல" என்று மறுபடி சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.

சந்தைக்கு வந்த ஒருவரிடம் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். தம்பி மாயவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். காலேஜுக்குப் போக மாட்டேன் என்கிறான். இந்த வாரம் சேராவிட்டால் இடம் போய்விடும். வந்து அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். தர்மபுரி தாலுக்கா ஆபீசில் தானிய பர்மிட் எழுதும் வேலை எனக்கு. யுத்தம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் என்கிறார்கள். ஒரு நாள் லீவு கேட்டேன். கொடுத்தார்கள்.

நான் சேலத்தில் இரண்டு வருஷம், திருச்சியில் இரண்டு வருஷம் படித்தேன். சேலத்துக்குப் போவதற்கு முந்தின தை மாதம் எனக்கும் பாஞ்சாலிக்கும் கல்யாணம். மாப்பிள்ளை காலேஜில் படிக்கப் போகிறவர் என்று அவள் அப்பா தீர்த்தகிரி கிழக்கே இருக்கிற ஊர்களிலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் படித்த நாலு வருஷமும் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டி நீர் இறைப்பது என் வேலை. அதை அவள் செய்தாள். லீவில் நான் விருந்தாளி மாதிரி வந்து போவேன். வந்த முதல் இரண்டு நாள் என்னிடம் பேசவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சம் தெளிவதற்குள் லீவு முடிந்துவிடும். ஒருமுறை, "படிச்சு முடிச்சா என்னா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு காயிதம்."

"அதுல என்னா எழுதியிருக்கும்?"

"நான் படிச்சன்னு எழுதியிருக்கும்."

"அதான் எங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு வறட்டி தட்டப் போய்விட்டாள்.

கடைசிப் பரீட்சை நாற்பத்திரண்டு மார்ச்சில். பரீட்சை தொடங்கிய வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான் இரண்டாவது தாள் எழுதிய அன்று செத்துப்போனாள். எனக்குத் தந்தி கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது அப்பா, "பரீட்சை முடியட்டும்" என்றாராம். தீர்த்தகிரியைக் கேட்டார்களாம். பெண் போய்விட்டாள், மாப்பிள்ளை படிப்பாவது நிலைக்கட்டும் என்று அவரும் சொல்லிவிட்டாராம். பெற்றவரே சொன்ன பிறகு மற்றவர்கள் பேச என்ன இருக்கிறது. இரண்டு குடும்பமும் ஊரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டன. நான் மீதித் தாள்களை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். சரித்திரத் தாளுக்குக் கூடுதல் காகிதம் கேட்டு வாங்கினேன். கடைசித் தாள் முடிந்த சாயங்காலம் திருச்சிக் கடைவீதியில் அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கினேன். அளவு தெரியவில்லை. கடைக்காரர் வயதைக் கேட்டு அவரே ஒரு அளவு கொடுத்தார்.

வளையலோடு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாயவன் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. "என்னடா, என்ன வுட்டுட்டுத் தீர்த்தமலைக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். அவன் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வீட்டுக்குப் போய்த்தான் எனக்குத் தெரிந்தது. வளையலைப் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. நான் தேறியது பாஞ்சாலி ஆவியின் ஆசீர்வாதம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்பு.

இன்று கரி பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது வீட்டில் யாரும் இல்லை. கிணற்றுக்குப் போனேன். அப்பா கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். சரிவில் மாடுகள் இறங்க, வடத்தின் மேல் உட்கார்ந்து அவரும் இறங்கினார். தோல் சால் மேலே வந்து தொட்டியில் நீரைக் கொட்டியது. வடத்திலிருந்து இறங்கியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மேலே கொண்டுவந்தார். முட்டி வீக்கம் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"வாங்க" என்றார். என்னை 'டா' போட்டுப் பேசுவதை அவர் விட்டு இரண்டு வருஷமாகிறது. பி.ஏ.வுக்கு மரியாதை என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா களிச்சட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். "மொகத்துல என்னடா கரி? தாலூக்காபீசில அடுப்பூதற வேல குடுத்துட்டாங்களா?" என்று முந்தானையால் துடைத்தாள்.

"பஸ்ஸத் தள்ளுனேன்."

"நல்லாப் படிச்ச போ" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. "அவங்கிட்டப் பேசுங்க. நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான். மம்முட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிடறான். படிச்சவங்க சொன்னாக் கேப்பான்."

மாயவன் கொஞ்சம் தள்ளி ராகி நாற்றுப் பாத்திகளுக்கு நீர் திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அதை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தான். என்னைவிட உயரமாகிவிட்டிருந்தான். "வாண்ணா" என்றான். நான் வரப்பில் நின்றேன். அவனிடம் சொல்ல பஸ்ஸில் ஏதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஆபீசில் எனக்கு எதிர் மேஜைக்காரர் எட்டாவதோடு நிறுத்தியவர். அவரும் நானும் எழுதுவது ஒரே பர்மிட். தாசில்தாருக்குக் கலெக்டர் ஆபீசிலிருந்து நீளமான இங்கிலீஷ் உத்தரவு வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் நின்றுகொண்டே படித்துச் சொல்வேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. திருச்சியில் ஒரு மழை நாள் முழுக்க நூலக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நைல் நதியின் வெள்ளத்தைப் பற்றிப் படித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் ஏரி உடைந்த வருஷம் எனக்கு வேறு மாதிரி புரிந்தது. அன்று சந்தோஷமாக இருந்தேன். அது பொய்யில்லை. அந்த மழை நாளன்று பாஞ்சாலி இந்தக் கிணற்றில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்பா சொல்லச் சொல்லிச்சா?" என்றான் மாயவன்.

"ம்."

"நீ என்னா சொல்ற?"

"உனக்குப் படிக்க ஆசையில்லையா?"

அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "யாரு சொன்னா? கணக்குல நான்தான் இஸ்கூல்லயே மொதல்ல வந்தன். போவோணும்னுதான் இருக்குது. ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான்."

"பின்ன என்னடா? அப்பா முட்டியா?"

"முட்டிக்கு ஆள் வெச்சுக்கலாம். நெலத்த வித்துட்டா அதுவும் வேணாம்." அடைத்திருந்த பாத்தியை மறுபடி ஒருமுறை அடைத்தான். "அண்ணிய எடுக்கறப்போ என்னா நடந்துதுன்னு உனக்குச் சொன்னாங்களா?"

"நீதான் கொள்ளிச்சட்டி தூக்குனன்னு சொன்னாங்க."

"அதில்ல. புருசன் ஊர்ல இல்லன்னா அவன் கட்டுன துணி ஒன்ன பொணத்து மேல போடோணுமாம். போட்டாத்தான் அவன் வந்து நின்ன கணக்காம். பெரியவங்க கேட்டாங்க. அம்மா வூடு பூராத் தேடுச்சு. உன் துணி ஒன்னுகூட இல்ல. எல்லாம் திருச்சில. கொடியில இருந்தது பூரா எங்க துணிதான். நாலு வருசம் நீ இந்த வூட்டு ஆளுன்னு காட்டறதுக்கு ஒரு கோவணம் இல்ல." அவன் சிரிக்க முயன்றான். "கடசில பரண் மேல உன் பழைய பொஸ்தகம் ஒன்னு கெடச்சுது. தடியா, நீல அட்ட. உன் பேரு எழுதியிருந்துது. அது போதும்னாங்க. நாந்தான் எடுத்துட்டுப் போயி அண்ணி நெஞ்சு மேல வெச்சன். அதோடதான் பொதைச்சாங்க."

சேலத்தில் வாங்கிய அல்ஜீப்ரா புத்தகம் அது. காணவில்லை என்று ஒரு லீவில் தேடியிருக்கிறேன். பாஞ்சாலி நெஞ்சின் மேல் அது இருப்பதை நினைத்துப் பார்க்க முயன்றேன். அட்டையின் நீலம் மட்டும் வந்தது. அவள் முகம் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்தேன்.

"வெக்கறப்ப நெனச்சன். அண்ணன் இப்ப அங்க எழுதிக்கிட்டிருக்கும், அதுக்குத் தெரியாதுன்னு. எனக்கும் ஒரு நா இப்படித்தான் பண்ணுவாங்கன்னு" என்றான் மாயவன்.

அம்மா களியை உருட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். சரிவில் பாதி இறங்கியிருந்த மாடுகள் அடிக்குப் போய் நின்றன. சால் கொட்டியது. அப்பா வடத்தை விட்டு இறங்கவில்லை.

மாயவன் அவர் பக்கம் திரும்பினான். "யப்பா. நான் போறன். நாளைக்கே போறன். நெலத்த வித்துக்க. நீ ஒன்னு மட்டும் சொல்லு. இங்க ஒன்னு ஆச்சுன்னா எனக்குத் தந்தி குடுக்கோணும். உனக்கு ஆனாலும் சரி, அம்மாவுக்கு ஆனாலும் சரி. பரீச்சை நடந்தாலும் குடுக்கோணும். குடுக்கறன்னு இந்தக் கெணத்து மேல சொல்லு."

"நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்திப் பேசறான் பாரு" என்றாள் அம்மா.

"சொல்லுப்பா."

"சொல்லியிருந்தா இவுங்க வந்திருப்பாங்க" என்றார் அப்பா. மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வந்திருந்தா பரீச்ச போயிருக்கும். நெலம் போனது போனதுதான். அவ எந்திரிச்சிருப்பாளா?"

"எந்திரிக்க மாட்டா. அண்ணன் பாத்திருக்கும்."

"பாத்து?"

அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று தோன்றியது. "நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நான் பண்ணது தப்புங்களா?" என்றார். கேட்டுவிட்டு முட்டியைத் தடவினார். அந்தக் கேள்வியை அவர் எத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்துப் பார்த்தேன். களைப்பாக இருந்தது. தப்பு என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அந்தச் சரித்திரத் தாளை நான் நன்றாக எழுதியது எழுதியதுதான்.

"அது எனக்கு முடிஞ்சு போச்சுப்பா" என்றேன். "அவன் கேக்கறதுக்குச் சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சந்தையில் மாட்டின் குறையையும் சேர்த்துச் சொல்லி விற்பவர். கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாயவன் நாளைக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவான். அது அவருக்கும் தெரியும். உதடு அசைந்தது. பிறகு குனிந்து வடத்தில் இல்லாத ஒரு நாரைப் பிடுங்கினார்.

மாயவன் வாய்க்காலில் கால் வைத்தபடி நின்றான். அவன் முன்னால் இருந்த பாத்தி நிறைந்து கரை தாண்டி வழிந்தது. அவன் அதை அடைக்கவில்லை. அடுத்த சால் வராததால் வாய்க்காலில் நீர் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஓரத்து மண் தெரிந்தது, பிறகு அவன் கால் விரல்கள். சரிவின் அடியில் மாடுகள் இரண்டும் தலையைத் திருப்பி, பின்னுக்கு நடக்கச் சொல்லும் குரலுக்காக அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றன.