பில் எண் ஒன்று

ஏசி மெக்கானிக் காலையிலிருந்து நான்காவது கணக்கு மென்பொருளைத் திறந்து, நான்காவது முறையாகக் கம்பெனி பெயரை அடித்து, நான்காவது முறையாக அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். ‘பில் எண்: 1’ என்றது திரை.

வேலையை விட்டு எட்டு நாள் ஆகிறது. பத்தொன்பது வருஷம் கம்பெனிச் சட்டை. இப்போது சொந்தச் சட்டை, சொந்தத் தொழில். முதல் வேலையாகப் பல் டாக்டர் அம்மாவின் கிளினிக்கில் ஒரு ஏசியைச் சரிசெய்தார். வேலையில் குறை இல்லை. வாய்தான் கெடுத்தது. “எங்களுக்கு மூணு கிளினிக் இருக்கு. மூணுக்கும் வருஷ ஒப்பந்தம் போடலாம்னு பாக்கறேன். தனியா எத்தனை வருஷமா பண்றீங்க?” என்று டாக்டர் கேட்க, நாக்கு இவரிடம் ஒரு வார்த்தை கலந்துகொள்ளாமல் “ஆறு வருஷமா” என்று சொல்லிவிட்டது.

இன்று நாலு மணிக்குப் பில்லோடு வரச் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால், பூசணிக்காயே பில் அடித்து நீட்டுகிறதே!

எழுந்து சமையலறைக்குப் போனார். பிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். நன்றாகத்தான் ஓடியது. அதுவே எரிச்சலாக இருந்தது. பால்கனிக்குப் போனார், திரும்பினார்.

“தரையைத் துடைச்சிருக்கேன். நடக்கறதா இருந்தா சுவத்துல நடங்க” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

“உனக்கென்ன தெரியும்? ஒண்ணாம் நம்பர்னா அந்தம்மா சிரிப்பாங்க.”

“சிரிச்சா நல்லதுதானே, பல் டாக்டர். விளம்பரம்.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். முதல் மென்பொருளில் பில் எண்ணை மாற்றவே முடியவில்லை. தானாகப் போடும், அழித்தாலும் அழித்த தடம் நிற்கும். இரண்டாவது, எத்தனை ஊழியர்கள் என்று கேட்டது. கௌரவத்துக்காக மனைவியையும் சேர்த்து இரண்டு என்றார். உடனே அவளுடைய சம்பளத்தைக் கேட்டது. மூடிவிட்டார். மூன்றாவது வருமானத்தைப் படமாக வரைந்தது: மூச்சு நின்றவனின் இதயத் துடிப்பைப் போல ஒரே நேர்கோடு. நான்காவதின் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணே போனில் வந்து, “சார், உங்க நிதிப் பிரிவுல யார்கிட்ட பேசணும்?” என்றாள். போனை மனைவியிடம் கொடுத்தார். அவள், “நிதி குளிக்கப் போயிருக்கு” என்று வைத்துவிட்டாள்.

ஐந்தாவதுதான் கேட்காமலே வரம் தந்தது: ‘தொடக்க எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.’

500 என்றால் பீற்றல். 300 என்றால் மொட்டையாக இருக்கிறது. 348 என்று போட்டுப் பார்த்தார். அதில் ஒரு உழைப்பு தெரிந்தது. மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் டயர் கடையில் கணக்கு எழுதுகிறவன்.

“மாப்ள, அஞ்சாவது அமைஞ்சிருச்சு.”

“மென்பொருள் பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா மச்சான்? காலையிலேருந்து அஞ்சு வீடு ஏறி எறங்கிட்டீங்க!”

விஷயத்தைச் சொன்னார்.

“சரி, 348. முந்தின 347 எங்கேன்னு என்னைக்காவது ஒருத்தன் கேட்டா?”

“தொலைஞ்சு போச்சும்பேன்.”

“கூட்டமா தொலையறதுக்கு அது என்ன ஆட்டு மந்தையா? மச்சான், ஒரு பொய்யைக் காப்பாத்த 347 பொய்க்குக் கணக்கு எழுதணும். எனக்குக் கை வலிக்கும்.”

போனை வைத்தபின் அவர் நகத்தைக் கடித்தார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தன்னைத் தனக்கு நன்றாகத் தெரியும்: மாற்ற இடமிருந்தால் மாற்றுவார், கிளினிக் வாசலில் நின்றாவது மாற்றுவார். அதனால், எண்ணை மாற்றவே விடாத அந்த முதல் மென்பொருளுக்குத் திரும்பிப் போனார். பில் எண் 1. கண்ணை மூடிக்கொண்டு அச்சடித்தார்.

கிளினிக்கில் காத்திருப்போர் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு, நோயாளி சாயும் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். முகத்துக்கு மேலே விளக்கு. பில்லை வாங்கிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

“ஆறு வருஷத்துல இதான் முதல் பில்லா?”

“பொய் சொல்லிட்டேன் டாக்டர். தொழில் பத்தொன்பது வருஷமா தெரியும். முதலாளியாகி எட்டு நாள்தான் ஆகுது. ஒப்பந்தம் இல்லேன்னாலும் பரவாயில்ல. அந்த ஏசி மட்டும் நல்லா ஓடும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “இந்த நாற்காலியில உக்காந்து பொய் சொல்றவங்களைத் தினம் பாக்கறேன். எல்லாரும் ரெண்டு வேளை பல் தேய்க்கறவங்கதான்.” பில்லை மேசையில் வைத்தார். “மூணு கிளினிக்கும் தர மாட்டேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் போடலாம். மத்ததை அடுத்த வருஷம் பாக்கலாம்.”

மூன்றில் இரண்டு போனது சுருக்கென்று தைத்தது. அதற்கு மேலேயே நிம்மதியும் வந்து உட்கார்ந்தது. எழப் போனவரை டாக்டர் கையமர்த்தினார்.

“நீங்க எத்தனை வேளை தேய்க்கறீங்க?”

நாக்கு ‘ரெண்டு’ என்று கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

“காலையில மட்டும், டாக்டர்.”

“வாயைத் திறங்க, பாப்போம்” என்று டாக்டர் கையுறையை மாட்டினார்.