பதின்மூன்று தசம் ஒன்று

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. 1975ஆம் ஆண்டு கல்வித் திணைக்களத்திலிருந்து வந்த படிவம். அதன் கடைசி வரி இப்படி இருந்தது: ‘மேற்படி மாணவி ஓடி முடித்ததைக் கண்ணால் கண்டு நேரத்தைக் குறித்தேன்.’ கீழே ஒரு புள்ளிக்கோடு. ஒருவர் மட்டும் கையெழுத்து வைக்க இடம்.

அப்போது நான் மூதூரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சாம்பல்தீவு. இளவயதில் உதைபந்து விளையாடியவன் என்று யாரோ அதிபரிடம் சொல்லிவிட்டதால் உடற்பயிற்சிப் பாடமும் என் தலையில் விழுந்தது. நகரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும், செக்கன்களைத் தசமம் வரை காட்டும் ஒரு நிறுத்து கடிகாரமும் கொண்டுவந்தேன். பாடசாலையில் அந்தக் கடிகாரத்தைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆள் நான்.

அந்தப் படிவத்தை ஆறு வருடமாகக் கதையாக எழுதிப் பார்க்கிறேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘மூதூரின் காலை வெயில் கொட்டியாரக் குடாவின் மேல்—’

விட்டுவிட்டேன். எல்லாக் கதைகளிலும் வெயில் எதன் மேலாவது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘றுக்கியா வெள்ளை முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓடினாள். வாய் திறந்தால் முக்காடு பறந்துவிடும். அதனால் நூறு மீற்றரும் மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள்.’

இது எனக்குப் பிடித்திருந்தது. நல்ல வாக்கியம் எழுதிவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். ஏனென்று சொல்கிறேன்.

3

அந்த ஓட்டத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

பெண்பிள்ளைகளுக்கும் விளையாட்டுப் போட்டி வைக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்த வருடம்தான் சம்மதித்திருந்தது. நிபந்தனை இரண்டு. மைதானத்தைச் சுற்றி ஓலைக் கிடுகால் வேலி அடைக்க வேண்டும். உள்ளே ஓர் ஆண்கூடக் கால் வைக்கக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. உள்ளே எல்லாவற்றையும் நஜ்முன் நிஸா டீச்சர் நடத்தினார். தையல் படிப்பிப்பவர். குரல் மட்டும் தொடருந்து போல.

கடிகாரம் என்னிடம் இருந்தது. சான்றிதழும் என்னிடம்தான் இருந்தது. ஆகவே முடிவுக்கோட்டுக்கு நேராக, வேலிக்கு வெளியே, எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். டீச்சர் விசில் ஊதினால் நான் கடிகாரத்தை அமத்துவேன். முதலாவது பிள்ளை கோட்டைத் தாண்டியதும் உள்ளே ஒரு மாணவி சகனை அகப்பையால் அடிப்பாள். (ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டம் அது. நல்ல ஓசை.) நான் திரும்ப அமத்துவேன்.

நூறு மீற்றரில் விசில் கேட்டது. கால்கள் கேட்டன. சகன் கேட்டது. கடிகாரம் 13.1 என்றது. முதலாவது றுக்கியா என்று டீச்சரின் குரல் வேலியைத் தாண்டி வந்தது.

நகரத்தில் அந்த வருடம் முதலாவதாக வந்த பிள்ளைக்கு 13.8. சப்பாத்தோடு.

4

நான் உடனே சந்தேகப்பட்டேன். ஓடியவளுக்காகச் சந்தோஷப்பட முதல் சந்தேகப்பட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விசில் நூறு மீற்றர் கடந்து என் காதுக்கு வர ஒரு செக்கனில் பத்தில் மூன்று பங்கு ஆகும். அப்படியானால் 13.4. சகன் அடித்த பிள்ளை றுக்கியாவின் கூட்டாளி. உற்சாகத்தில் முந்தி அடித்திருக்கலாம். பிந்தியும் அடித்திருக்கலாம். மைதானத்தை அளந்த கயிறு ஈரமாக இருந்தது.

விளையாட்டு பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்பிக்கிறது என்று பரிசளிப்பு விழாக்களில் பேசுகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் கணிதப் பாடத்தில் ஒரு பிள்ளை விடையைக் காட்டினால் நான் நம்புகிறேன். மைதானத்தில் யாரையும் நம்புவதில்லை. நாடா, கடிகாரம், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நடுவர், அந்தப் பக்கம் அவரைப் பார்க்க இன்னொரு நடுவர். ஒருவரையொருவர் நம்பாத ஆட்கள் கூடிச் செய்த பாடம் இது. அதை நாங்கள் நற்குணம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம்.

(இந்தப் பந்தியை வெட்ட நினைத்தேன். கதை நிற்கிறது. இருந்தாலும் விட்டிருக்கிறேன்.)

5

அடுத்த மாதம் திணைக்களத்திலிருந்து குணரத்தினம் வந்தார், விளையாட்டு அதிகாரி. உடற்கல்வி ஆசிரியைகளாகப் பயிற்றப் பத்துப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்களாம். உறுதிப்படுத்திய நேரம் ஒன்று வேண்டும். 13.1 போதும். போதுமென்ன, பட்டியலில் முதல் பெயர் றுக்கியாவுடையதுதான்.

“கண்ணாலை பாத்தனீரோ மாஸ்டர்?”

“வேலிக்கு வெளியிலை இருந்தனான் சேர்.”

“எங்கை இருந்தனீர் எண்டு நான் கேக்கேல்லை.”

“நிஸா டீச்சர் பாத்தவ.”

“அவவிட்டைக் கடிகாரம் இருந்ததோ?”

“இல்லை.”

“அப்ப பாத்தவவிட்டை மணிக்கூடு இல்லை, மணிக்கூடு வைச்சிருந்தவர் பாக்கேல்லை. இதென்ன ஐசே, ரேடியோவிலை மெச் கேட்ட மாதிரி!”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பின்னேரம்தான் திருகோணமலைக்கு லோஞ்ச் படகு, அதற்குள் படிவம் வேண்டும் என்றார். அதற்குப் பிறகு திகதி முடிந்துவிடும். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றேன். காய்ந்துபோன வேலிக் கிடுகை மாற்றி அடைக்க மூன்று நாள் வேண்டும் என்றார் அதிபர்.

6

றுக்கியாவின் வாப்பா ஸெய்னுதீன் என்னை அன்று மாலையே தேடி வந்தார். நெல் வியாபாரி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் வேலிக்காக மேசையைத் தட்டிப் பேசியவர் அவர்தான்.

“சேர், புள்ளைக்கு அந்தப் பயிற்சி கிடைக்கோணும். அவ படிச்சு வந்தா இந்த ஊருப் புள்ளைகளுக்கு ஒரு பொம்புள டீச்சர் இருப்பா. உங்களப் போல ஆம்புள ஆக்கள் வேலிக்கு வெளிய கதிர போட்டுக் குந்தத் தேவல்ல.”

“ஓம் நானா. ஆனா நான் பாத்தனான் எண்டு எழுதோணும்.”

அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

“பாக்கேல்லை எண்டால் பயிற்சி இல்லை.”

“அந்தத் துண்டுக் கடதாசியும் வேணும், நீங்க பாத்திருக்கவும் கூடா. பாத்தீங்க எண்டு ஊருக்குத் தெரிஞ்சா, நானே வேலிய இழுத்துப் போடுவன். அதோட பொம்புளப் புள்ளைகளுக்கு விளையாட்டும் முடிஞ்சி.”

கணக்கு ஆசிரியர் நீங்கள்தானே, செய்து காட்டுங்கள் என்ற மாதிரி என்னைப் பார்த்தார்.

7

போன மாதம், அதாவது ஆறு வருடம் கழித்து, நிஸா டீச்சரிடம் இந்தக் கதையின் பிரதியைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“முக்காட்டக் கடிச்சிக்கிட்டு ஓடின எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லேல்லை டீச்சர். கற்பனை.”

“கற்பனையா?”

“ஓம்.”

“அவ அப்படித்தான் ஓடின சேர். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அவட உம்மாக்கும் சொல்லல்ல.”

பிரதியை மடித்து என் கையில் தந்தார். தேநீர் ஆறிப்போனதாகச் சொல்லிக் குசினிக்குப் போனவர் திரும்பி வர நேரம் எடுத்தது. வேண்டுமென்றே எடுத்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. முக்காட்டோடு ஓடும் பிள்ளை வேறு எப்படி ஓடுவாள்? யோசித்தால் எவனுக்கும் வரும். மற்றது, கிடுகு என்பது பின்னிய ஓலை. காய்ந்தால் சுருங்கும். எனது கதிரைக்கு எதிரே ஒரு விரல் அகலத்தில்—

8

அந்தப் படிவத்துக்குக் கெடு வைத்த நாளின் காலை, 1975. கணித வகுப்பு முடிந்ததும் றுக்கியா நிஸா டீச்சரோடு வந்தாள். பதினேழு வயது. என் மேசையில் படிவம் கிடந்தது.

“பாத்தீங்களா சேர்?” என்றாள்.

நான் சோக்கட்டியைப் பெட்டிக்குள் வைத்தேன். வெளியே எடுத்தேன்.

“நீங்க பாக்கல்ல எண்டா நான் பொய்க்காரி. பாத்தீங்க எண்டா நீங்க பொய்க்காரன். ஆரு பொய்க்காரரா இருக்கிறது லேசு?”

“வாயப் பொத்துடி” என்றார் டீச்சர்.

“சும்மா இருங்க டீச்சர். ஓடினது நான். விசில் உங்கட, மணிக்கூடு இவருட, வேலி வாப்பாட. கால் மட்டுந்தான் என்னட.”

அவளிடம் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். படிப்பிக்கிறவன் கேட்கக்கூடிய மிகக் கோழைத்தனமான கேள்வி அது.

“அத நான் சொல்ல மாட்டன். சொன்னா, நாளைக்கு அவதான் சொல்லிக் குடுத்த எண்டு எழுதுவீங்க.”

9

முடிவு ஒன்று: கையெழுத்து வைக்கிறேன். அவள் போகிறாள். கிடுகு வேலி விழுகிறது. அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் தையல் படிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: வைக்கவில்லை. பட்டியலில் முதல் பெயர் நகரத்துப் பிள்ளையுடையது. வேலி நிற்கிறது. உள்ளே ஓடுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் நேரம் இல்லை.

இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். மூதூருக்கும் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். மூதூருக்குத் தெரிந்தது அவள் போனாளா இல்லையா என்பது மட்டும். அந்தத் துவாரத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்து வைத்தவன் பொய்யாகவும் வைத்திருக்கலாம். வைக்காதவன் பார்த்துவிட்டும் வைக்காமல் இருந்திருக்கலாம். நான் எந்த முடிவை எழுதினாலும் நீங்கள் அந்த ஏழாம் பகுதிக்குத் திரும்பிப் போய், முடியாத அந்த வாக்கியத்தை எனக்காக முடிப்பீர்கள். உங்களை நான் நம்பவில்லை. நீங்களும் என்னை நம்பத் தேவையில்லை.

ஆகவே பேனையை உங்களிடம் தருகிறேன். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: நீங்கள் அன்று அங்கே இல்லை. அவள் ஓடியதைப் பார்த்தீர்களா இல்லையா என்று உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் பார்த்தீர்கள்தானே?

மூதூர் இறங்குதுறை. பின்னேரம். லோஞ்சின் எஞ்சின் இயங்கத் தொடங்கிவிட்டது. கயிறு அவிழ்க்கிறார்கள். குணரத்தினம் ஒரு காலைப் பலகையிலும் ஒரு காலை லோஞ்சிலும் வைத்துக்கொண்டு படிவத்துக்காக உங்களை நோக்கிக் கை நீட்டுகிறார்.

“கெதியா எழுதும் ஐசே. இவங்கள் நிக்கமாட்டாங்கள்.”