கணவன் பேசும் இடங்கள்

காலிங் பெல் விடாமல் அலறியது. யாரோ பொத்தானில் வைத்த விரலை எடுக்க மறந்துவிட்டது போல.

மகாதேவனின் கையிலிருந்த காபி சட்டையில் சிந்தியது. "பில்டிங்ல தீயா?" என்று எழுந்தார். அதற்குள் ஜ்யோத்ஸ்னா கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே நின்றவன் நல்ல உயரம். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலும் இஸ்திரி கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். பெல்லிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சிரித்தான். தன் பெயர் ரமேஷ்குமார், அம்சவேணியின் கணவன் என்றான். அம்சவேணி வரமாட்டாள், நேற்று சாயங்காலம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், கதையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன் என்றான்.

டெல்லி கிட்வாய் நகரில் ஜ்யோத்ஸ்னாவுக்கு ஒதுக்கப்பட்ட அரசு வீட்டின் ஹாலில், மாதம் ஒரு ஞாயிறு, தமிழில் கதை எழுதுகிறவர்கள் கூடுவார்கள். ஒரு காலத்தில் சோபா போதாமல் தரையில் பாய் விரிப்பார்கள். இப்போது நான்கே பேர். அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்துகொண்டு வார இதழ்களில் தொடர்கதை எழுதும் ஜ்யோத்ஸ்னா. அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்ற மகாதேவன். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி அரசுத் தேர்வுக்குப் படிக்கும் வைஷ்ணவி. கரூரிலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்த அம்சவேணி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். வர்ணனையை ஜ்யோத்ஸ்னா படிப்பாள். ஆண் பாத்திரம் பேசுவதையெல்லாம் மகாதேவன் பேசுவார், பெண் பாத்திரத்துக்கு வைஷ்ணவி. வசனம் பொய்யாக இருந்தால் அடுத்தவர் வாயில் சட்டென்று தெரிந்துவிடும் என்பது ஜ்யோத்ஸ்னாவின் கட்சி. ஒரு பாத்திரம் பேசுவதை இன்னொரு பாத்திரத்தின் வாயில் வைக்க முடிந்தால் அது வசனமே இல்லை என்பாள்.

அம்சவேணிக்கு முதலில் வசனமே வரவில்லை. அவள் கதை மாந்தர்கள் செய்தி வாசிப்பது போலப் பேசினார்கள். வீட்டில் காதில் விழுவதை அப்படியே எழுது, அழகுபடுத்தாதே என்று ஜ்யோத்ஸ்னாதான் சொன்னாள். அடுத்த கதையிலேயே, எல்லாவற்றுக்கும் குறை சொல்லும் ஒரு கணவன் வந்தான். மகாதேவன் அவனைப் பேசிக் காட்டியதில் எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த ஆள் சுவாரஸ்யமானவன், இவனை இன்னும் பேச விடு என்று ஜ்யோத்ஸ்னா அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். நன்றாக வந்தால் தீபாவளி மலருக்கு அனுப்பலாம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவனை வைத்து அவள் எழுதிய புதுக் கதைதான் இப்போது கவரில் வந்திருந்தது.

"அடி பலமா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று ஜ்யோத்ஸ்னா கேட்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை, நீங்களே பேசுங்கள் என்று ரமேஷ்குமார் மொபைலை எடுத்தான். ஸ்பீக்கரைப் போட்டான். மறுமுனையில் எடுத்த சத்தம் கேட்டதும், "அம்சு, ஜ்யோத்ஸ்னா மேடம் பேசணுமாம். சிரிச்சுட்டே பேசு, அச்சா?" என்றான்.

அம்சவேணி சிரித்தாள். "ஒண்ணுமில்லீங்க்கா. சோப்புத் தண்ணி, பாக்காம கால வெச்சுட்டேன். கதை வந்துருச்சுங்களா?"

வந்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஜ்யோத்ஸ்னா சொல்லி முடிப்பதற்குள் அவன் அழைப்பைத் துண்டித்தான். பிறகு சோபாவில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். தான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி, பள்ளிக்கூடத்தில் ஹிந்திதான், தமிழ் பேசுவேன், ஒரு எழுத்துகூடப் படிக்க வராது என்றான். நீங்கள் படியுங்கள், கேட்டுவிட்டுப் போய் அவளிடம் சொல்கிறேன் என்றான்.

மகாதேவன் நெகிழ்ந்துவிட்டார். "என் சம்சாரம் இத்தனை வருஷத்துல நான் எழுதின ஒரு வரியக் கேட்டதில்ல, சார். கேளுன்னா மிக்ஸிய ஓட விட்டுடுவா. அம்சவேணி கொடுத்து வெச்சவ."

மூவரும் ஆளுக்கொரு பிரதியை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பக்கம் ஜோராகப் போயிற்று. கதையில் காலை நேரம். கணவனுக்கு ஒரு கால் சாக்ஸ் கிடைக்கவில்லை. அதற்காக மனைவியை, அவள் ஊரை, அவள் ஊரின் தறியை எல்லாம் வரிசையாகத் திட்டினான். மகாதேவன் மூக்கால் பேசினார். ரமேஷ்குமார் தொடையில் தட்டிச் சிரித்தான்.

ஜ்யோத்ஸ்னா பக்கத்தைப் புரட்டினாள். வர்ணனை படிக்கிறவளுக்குக் கண் எப்போதும் நான்கு வரி முன்னால் ஓடும். கதையில் மனைவியின் அம்மா ஊரிலிருந்து போன் செய்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மனைவி உதட்டு ரத்தத்தை முந்தானையால் ஒற்றுகிறாள். கணவன் போனை எடுத்து அவளிடம் நீட்டுகிறான்.

'சிரிச்சுட்டே பேசு, அச்சா?'

ஓடிக்கொண்டிருந்த கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வரியை அவள் இப்போதுதான் கேட்டிருந்தாள். அதே சொற்கள், அதே வரிசை, கடைசியில் அதே அச்சா. இன்னொருத்தர் வாயில் வைக்க முடியாத வசனம்.

எதிரே அவன் காத்திருந்தான். இன்னும் இரண்டு வாக்கியத்தில் மகாதேவனின் முறை வந்துவிடும். அவர் வாயிலிருந்து அந்த வரி வெளியே வந்தால், வீட்டிலிருப்பவள் என்ன எழுதியிருக்கிறாள் என்பது இவனுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கே அவள் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜ்யோத்ஸ்னா தாளைப் பார்த்தபடியே படித்தாள். "அப்போது வாசலில் பால்காரர் வந்தார். அவர் கையில் காணாமல் போன சாக்ஸ் இருந்தது."

மகாதேவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மேடம், ஒரு பாராவ விட்டுட்டீங்க. போன் வருதே, அதானே இங்க..."

"பக்கம் மாறியிருக்கு சார்," என்று வைஷ்ணவி குறுக்கிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவளும் முன்னால் படித்துவிட்டிருந்தாள். "ஜெராக்ஸ் கடைக்காரன் மாத்தி அடுக்கிட்டான். இதப் பாருங்க." அவர் பிரதியை வாங்கி அந்த வரியில் நகத்தை அழுத்தி வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மகாதேவன் படித்தார். தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார். பிறகு தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே மூக்குக் குரலில், அங்கே இல்லாத ஒரு வசனத்தைப் பேசினார்.

"பால்காரரே, இது உங்க வீட்டு நாய் கொண்டுவந்ததா, எங்க வீட்டு நாய் கொண்டுபோனதா?"

வைஷ்ணவி மனைவியானாள். நம் வீட்டில் நாயே இல்லையே என்றாள். கணவன் அசடு வழிந்தான். ஜ்யோத்ஸ்னா அவனை ஆபீசுக்கு அனுப்பிவைத்தாள், சாயங்காலம் ஜிலேபியோடு திரும்பி வரச் செய்தாள். ஒருவர் எடுத்துக் கொடுத்ததை மற்றவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொல் தடுக்கவில்லை. இத்தனை நாள் பழகிய பழக்கம்.

வாய் ஜிலேபியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஜ்யோத்ஸ்னாவின் கண்ணுக்குக் கீழே அம்சவேணி எழுதிய மனைவி பேசிக்கொண்டிருந்தாள். 'கைய விடுங்க. உலை கொதிக்குது.' அவ்வளவுதான். ஒரு அலங்காரம் கிடையாது. சொல்லிக் கொடுத்தபடியே எழுதியிருந்தாள்.

கதை முடிந்தது. ரமேஷ்குமார் கைதட்டினான்.

டீ போடுவதாகச் சொல்லி வைஷ்ணவி சமையலறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் டீ இல்லை. ஜ்யோத்ஸ்னாவைத் தாண்டிப் போகிறபோது, அம்சவேணியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் காதோடு சொன்னாள்.

ரமேஷ்குமார் மூன்று பிரதிகளையும் கேட்டு வாங்கினான். மலருக்கு அனுப்ப ஒன்று வேண்டுமே என்று ஜ்யோத்ஸ்னா தன் பிரதியைத் தராமல் பிடித்துவைக்கப் பார்த்தாள். இன்னும் திருத்தணும் என்று அம்சு சொன்னாள் என்றான். ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து கவருக்குள் போட்டுக்கொண்டான்.

"இருங்க, நாங்களும் வர்றோம்," என்றாள் ஜ்யோத்ஸ்னா. ஹேண்ட்பேக் ஏற்கனவே தோளில் இருந்தது. "விழுந்தவள நேர்ல பாக்காம இருந்தா நல்லா இருக்காது. மகாதேவன் சார் கார்லயே போயிடலாம்."

மகாதேவன் சாவியை எடுத்துவிட்டார்.

ரமேஷ்குமார் மறுக்கவில்லை. வாசற்படியில் குனிந்து ஷூ லேஸை நிதானமாகக் கட்டினான். ஒன்றைக் கட்டி முடித்து அடுத்ததற்கு வந்தான். நிமிர்ந்தபோது, உள்ளே வரும்போது இருந்த அதே சிரிப்பு முகத்தில் இருந்தது.

"தாராளமா வாங்க மேடம். ஆனா போன்ல போட்டோ புடிச்சா எல்லாத்தையும் ஹிந்தில மாத்திக் குடுத்துடுது, நேத்து மத்தியானமே கதைய முழுசா படிச்சுட்டேன், நீங்க எப்படிப் படிக்கறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."