மாடிக்கும் கிடங்குக்கும் ஒரு கேபிள்

என் வீட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் மெஷினையும் இணைக்கலைன்னா கீழே இருக்கிறதைப் புதுக் கிளைக்கு அனுப்பிடுவேன். அதைப் பாத்துக்கிற ஆளும் கூடவே போகணும்" என்று எங்கள் ஆபீஸ் மேனேஜர் சொல்லியிருக்கிறார். இவர் உடனே, "அதுக்கென்ன சார், போறேன்" என்றிருக்கிறார். புதுக் கிளை ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். செய்தி எனக்குக் கேஷியர் அக்கா வாயிலிருந்து வந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் கட்டினவளுக்குத் தெரிகிறது.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும்.

எங்கள் கம்பெனி மோட்டார் உதிரி பாகம் விற்கிறது. மாடியில் அலுவலகம், கீழே கிடங்கு. மாடிக் கம்ப்யூட்டர் என் பொறுப்பு, கிடங்குக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. ஒவ்வொரு தளத்துக்கும் மெஷின் ஒன்றுதான், அலமாரி மாதிரி மூலையில் நிற்கும். மேஜைக்கு மேஜை இருப்பது ஒரு திரையும் கீபோர்டும் மட்டுமே, அதைத்தான் டெர்மினல் என்போம். ஒரே பானைச் சோறு, பல தட்டு. ஒவ்வொரு டெர்மினலுக்கும் மெஷினுக்குள் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: 'இந்தக் கம்பியின் முனையில் யார் நீ என்று கேட்டுக்கொண்டே இரு.' உட்காருகிறவர் பெயரை அடிப்பார். அடுத்து ரகசியச் சொல் கேட்கும், சரியாக இருந்தால் உள்ளே விடும். அந்த வரி இல்லாவிட்டால் மெஷின் வாயே திறக்காது.

வெள்ளிக்கிழமை காலை அவர் மாடிப்படி ஓரமாகக் கேபிளை இழுத்துக்கொண்டு வந்து என் மெஷினின் முதுகில் செருகினார். எந்த மெஷின் கேட்க வேண்டும், எந்த மெஷின் விருந்தாளியாகப் போக வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டிய நேரம் அது. அவர் தொண்டையைக் கனைத்தார். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்விட்டார்.

கீழே இருப்பவர்தானே மேலே வர வேண்டும்? நான் என் பக்கத்தில் அந்த வரியை எழுதிவிட்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கேஷியர் அக்கா கத்தினார். "ஏம்மா, ஒரு எழுத்து அடிச்சா நான் ஒரு கொட்டாவி விட்டு முடிச்ச பிறகுதான் அது திரையில வருது!"

எல்லா மேஜையிலும் அதே கதை. மெஷின் எதில் மாட்டிக்கொண்டது என்று பார்த்தேன். புதுக் கேபிள் வழியாக யாரோ உள்ளே வர முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பெயர் என்று அவர்கள் கொடுத்திருந்தது: 'யார் நீ'. அப்போதுதான் விளங்கியது. அவரும் தன் பக்கத்தில் அதே வரியை எழுதியிருக்கிறார்! என் மெஷின் 'யார் நீ' என்கிறது. அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டு அவர் மெஷின் 'ரகசியச் சொல் என்ன' என்கிறது. அதை என் மெஷின் பதில் என்று நினைத்து, 'தப்பு, யார் நீ' என்கிறது. இரண்டும் மூச்சு விடாமல் கேட்கின்றன, பதில் சொல்லத்தான் நாதியில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் எங்கே வைத்துக்கொள்வது? சரி, விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவேன் என்று என் பக்கத்து வரியை எடுத்தேன். மாடி டெர்மினல்கள் எல்லாம் பழையபடி ஓடின. நானே விருந்தாளியாக அவர் மெஷினைக் கூப்பிட்டேன். பதிலில்லை. மறுபடி கூப்பிட்டேன். கேபிள் கல்லு மாதிரி கிடந்தது.

கிடங்கில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "அண்ணன் அவர் பக்கம் கேக்கிறதை நிறுத்திட்டாராம். உங்க பக்கத்திலேருந்து ஒண்ணும் வரலையேன்னு கேக்கச் சொன்னார்."

"நானும் நிறுத்திட்டேன்னு போய்ச் சொல்லுங்க."

"மறுபடியும் நானா? கல்யாணம் பண்ணது நீங்க ரெண்டு பேரு, முட்டி தேயறது எனக்கா?" என்று அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நியாயம்தான். நானே இறங்கினேன். பாதிப் படியில் அவர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"மேனேஜர் வர்ற நேரம்" என்றார்.

"தெரியும். போறேன்னு சொன்னீங்களே, என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா நீ போகாதீங்கன்னு சொல்லுவே."

"அதுக்குத்தாங்க கேக்கிறது!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கூடச் சண்டை போடுவேன்?" என்று கேட்டேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலே மேனேஜரின் செருமல் கேட்டது.

"நான் கேக்கிறேன், நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினேன், அவர் கீழே ஓடினார். வரியைத் திரும்ப எழுதினேன். இந்த முறை ஒரு பக்கம்தான் கேட்டது. மறுபக்கத்திலிருந்து ஒரு பெயர் வந்தது, ரகசியச் சொல் வந்தது, கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் என் மெஷினுக்குள் வந்துவிட்டார்.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "கிடங்குல பிரேக் ஒயர் எத்தனை இருக்கு? யாரும் படி இறங்கக் கூடாது, போன்ல பேசக் கூடாது. திரையிலயே காட்டணும்."

கேள்வியை அடித்தேன். கீழேயிருந்து அவர் சரக்குப் பட்டியலில் எண்ணிக்கையைப் போட, அது மாடியில் எல்லாத் திரையிலும் வந்தது. மேனேஜர் "ம்ம்" என்றார். அது நல்ல 'ம்ம்'மா, கெட்ட 'ம்ம்'மா என்று தெரியவில்லை.

அப்போது எல்லா டெர்மினலும் ஒரே நேரத்தில் 'பீப்' என்றன. ஒவ்வொரு திரையிலும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில், ஒரே செய்தி:

'மாடியில் இருக்கும் எல்லோருக்கும். வீட்டுக்காரியைக் கேட்காமல் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னது என் தப்பு. இப்போது கேட்கிறேன். நான் போகட்டுமா?'

ஒருவருக்கு மட்டும் செய்தி அனுப்பும் கட்டளை வேறு, எல்லோருக்கும் அனுப்பும் கட்டளை வேறு. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அடித்திருக்கிறார், மகராசன்.

மாடியே என்னைத் திரும்பிப் பார்த்தது. கேஷியர் அக்கா பாதி பில்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். மேனேஜர் செய்தியை இரண்டு தரம் படித்தார். "பிரேக் ஒயர் கேட்டா என்னென்னமோ வருதே. பதிலைப் போடும்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் எல்லோருக்குமான கட்டளையையே அடித்தேன். ஒரே ஒரு சொல்: 'கூடாது.'

கீழே கிடங்கில் யாரோ விசிலடித்தார்கள். மாடியில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "வீட்டு உத்தரவே வந்துடுச்சு, அப்புறம் நான் யாரு அனுப்ப? ரெண்டு மெஷினும் இங்கேயே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சிரித்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். வழி முழுக்கப் பேசினோம். அதில் பாதி சண்டைதான்.