ஆறேகால் நிறம்

பின்பக்க மரத்தளத்தில் பாலிஷ்காரர் மாதிரிக்காகப் பூசிவிட்டுப் போன ஐந்து சாயச் சதுரங்களில், முதலாவதில் காலை எட்டு நாற்பதும் கடைசியில் மாலை ஆறேகாலும் நாள் முழுக்க நகராமல் நின்றன. இடையில் இருந்த மூன்றில் முறையே பத்தரை, ஒரு மணி, நான்கு மணி. சதுரம் ஒவ்வொன்றும் இரண்டு பாதம் வைக்கும் அளவுதான். வானம் எவ்வளவு மூட்டமாக இருந்தாலும் ஒரு மணிச் சதுரத்தில் வெறுங்காலை வைத்தால் சுட்டது. வைக்கோல் நிறத்தில் பூசிய முதல் சதுரத்தில் ஈரக் கைக்குட்டையைப் போட்டால் கால் மணியில் காய்ந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்த ஐந்தாவது சதுரத்தின்மேல் நிற்பவர் முகம் மட்டும், பட்டப்பகலிலும், விளக்குப் போடும் நேரத்து முகமாகத் தெரிந்தது. இதை முதலில் கவனித்தவள் அந்த வீட்டு மருமகள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாளைக்கு நூறு தடவை கேட்பவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடந்துவிடாது.

மாதிரி பூசிப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். டப்பா மூடியில் இருக்கும் நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு உண்டு. மரம் ஏதோ பழைய படகுத்துறையைப் பிரித்தபோது வந்தது, பல வருடம் ஜனங்கள் அதன்மேல் நின்று காத்திருந்தார்கள், அதனால்தான் இப்படி என்று சிலர் சொன்னார்கள். அதே மரத்தின் மிச்சத்தில் தச்சர் தன் வீட்டுக்குக் கோழிக்கூண்டு செய்து சாயமும் பூசினார். அதில் கோழிகள்தான் இருந்தன, வேறொன்றும் நடக்கவில்லை. பாலிஷ்காரரைக் கேட்டபோது அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சில மரம் அப்படித்தான் எடுக்கும்" என்றார். மேற்கொண்டு பேச அவருக்கு நேரமில்லை, இன்னொரு வீட்டில் கதவுகள் காத்திருந்தன.

வீட்டில் மூன்று பேர். மகன் லிப்ட் மெக்கானிக். மருமகளுக்கு அப்போது ஆறாவது மாதம். மூன்றாவது ஆள் மகனின் அப்பா, எழுபத்து நான்கு வயது, அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர். முப்பது வருடம், லீவு நாள் தவிர, பின்சந்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்தவர். அவர் செருப்புச் சத்தம் சந்தில் கேட்டதும் பெரியவர் டீக்குத் தண்ணீர் வைப்பார். நான்கு வருடம் முன்பு ஒருநாள் தண்ணீர் வைத்தார். கொதித்து, வற்றி, பாத்திரம் கருகியது. அந்தம்மா ஆபீஸ் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அதற்குப் பிறகுதான் ஆள் வந்து சொன்னார்கள். கருகிய பாத்திரத்தைப் பெரியவர் தேய்க்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அவர் ஐந்தாவது சதுரத்தின்மேல் தற்செயலாகத்தான் நின்றார். நின்றதும் சந்துக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிறகு செருப்பு. இடது காலை லேசாக இழுத்து வைக்கும் மனைவியின் அந்த நடை, படி மூன்றையும் ஏறி, சதுரத்தின் விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. பெரியவர் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. இறங்கினார், சத்தமும் இல்லை. மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. ஒரு வாரத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவளுக்குக் கால் வைக்க ஆறேகால் மணி வேண்டும். இருக்கும் ஆறேகாலோ இரண்டு பாத அளவு. அதில் அவர் நின்றால் அவளுக்கு இடமில்லை. அவர் இறங்கிவிட்டால் அவள் வருவதே இல்லை. தளம் முழுக்க ஐந்தாம் நம்பர் அடித்தால் அவள் படியிலிருந்து பின்வாசல்வரை தாராளமாக நடந்து வந்துவிடலாம்.

ஆனால் மருமகள் முதலாம் நம்பர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. குழந்தைத் துணி காய வேண்டும், குழந்தைக்கு இளவெயில் வேண்டும். "எப்பப் பார்த்தாலும் இருட்டப் போற நேரமாவே இருந்தா குழந்தை என்னத்த மாமா விளையாடும்?" என்றாள். பெரியவர் காப்பிக்கொட்டை நிறத்தில் அழுக்குத் தெரியாது, செம்மண் கால் பட்டாலும் தெரியாது என்று என்னென்னவோ காரணம் சொன்னார். வாழ்நாள் முழுக்க மற்றவர் எழுதிய பொய்யில்கூட எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை. மூன்றாம் நாள் மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சதுரத்தில் நிற்க வைத்தார். அவள் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன மாமியாரின் நடையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அஞ்சாம் நம்பரே அடிச்சிடலாம் மாமா" என்றாள்.

மகன் இரண்டு பக்கமும் பேசாமல், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி இருந்தவன், அப்போது ஒரு யோசனை சொன்னான். படியிலிருந்து வாசல்வரை ஒரு நடைபாதை அளவுக்கு மட்டும் ஐந்தாம் நம்பர், மற்ற இடமெல்லாம் முதலாம் நம்பர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாலிஷ்காரர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஒரு பலகையைத் தொட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் தழும்பு விழும். அந்தத் தழும்பை அவர் தன் பெயரில் விட்டுவிட்டுப் போக மாட்டார். தச்சரோ பலகைகளைச் சுவருக்கு இணையாகக் குறுக்கே போட்டிருந்தார். படியிலிருந்து வாசலுக்கு வர இருபத்திரண்டு பலகையையும் தாண்டியாக வேண்டும். ஆகவே எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் பாலிஷ்காரர். "வெளுப்பு அடிச்சா பின்னால கறுப்பாக்கலாம். கறுப்பு அடிச்சுட்டு வெளுப்பாக்குன்னு என்னக் கூப்பிடக் கூடாது. மூணு வருஷத்துக்கு ஒரு கோட்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர்தான் ஏத்தலாம், அதுக்கு மேல ஏத்தினா மரம் தாங்காது, திட்டுத் திட்டாப் போயிடும்."

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். ஒன்றிலிருந்து ஐந்துக்குப் பன்னிரண்டு வருடம். அவருக்கு எண்பத்தாறு ஆகும். மருமகளின் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒண்ணுலேர்ந்தே ஆரம்பிங்க" என்றார். "அதுவரைக்கும் அத்தை காத்திருக்கணுமே மாமா" என்றாள் மருமகள். "நிக்கட்டும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்காக நான் பஸ் ஸ்டாப்ல நின்ன கணக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்றார் பெரியவர். சாயம் பூசுமுன், மேலாக மட்டும் தொட்டுவைத்த மாதிரிச் சதுரங்களைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நான்கைத் தேய்த்துவிட்டுப் பாலிஷ்காரர் ஐந்தாவதைத் தொடுமுன் பீடி பிடிக்கப் போனார். பெரியவர் அதன்மேல் ஏறி நின்றார், நடை வந்து நின்றதும் "வர்றேன், அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அதன்பின் மூன்று வருடம் அந்த வீட்டுப் பின்பக்கம் காலை எட்டு நாற்பதாக இருந்தது. குழந்தை பிறந்தது, பெண். அதன் துணிகள் அடைமழையிலும் மொரமொரவென்று காய்ந்தன. தெருவில் ஈரமான தலையணை, நனைந்த பள்ளிப் புத்தகம், சளி பிடித்த ஆள் எல்லாம் அங்கே கொண்டுவந்து போடப்பட்டு எடுத்துச் செல்லப்பட்டன. நான்காம் வருடத் தொடக்கத்தில் தேன் நிறம் பூசியதும் பத்தரை மணியானது; தபால்காரர் அங்கே வந்தால்தான் வேலை ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கடிதங்களை அங்கே உட்கார்ந்து பிரித்தார். அதற்கடுத்த மூன்று வருடம் ஒரு மணி, சனியன் பிடித்த வெயில். சிறுமி நுனிக்காலில் ஓடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். இதைத் தாண்டிவிடலாமா என்று மகன் கேட்டதற்குப் பாலிஷ்காரர் மூன்றாம் நம்பர் டப்பாவைத் திறந்து தூரிகையை நனைத்தார். பெரியவர் குடையை விரித்துக்கொண்டு தினமும் சிறிது நேரம் அதில் உட்கார்ந்தார், தாண்ட வேண்டியதைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பது போல. பத்தாம் வருடம் நான்கு மணி வந்தது. அந்தத் தளத்தில் எந்நேரமும் பள்ளிக்கூடம் விட்ட நேரம்; சிறுமியின் சிநேகிதிகள் வீட்டுக்குப் போக மறுத்தார்கள்.

இத்தனை காலமும் பெரியவர் சாகாமல் இருப்பதை ஒரு உத்தியோகமாகவே செய்துவந்தார். நேரத்துக்கு நடந்தார், நேரத்துக்கு மாத்திரை போட்டார், ஜலதோஷத்தைக்கூட மிரட்டி அனுப்பினார். டாக்டரிடம், "எனக்கு இன்ன வருஷம் வரைக்கும் வேணும், அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்று சொல்லியிருந்தார். டாக்டரும் முடிந்தவரை பார்த்தார். ஆனால் கடைசிக் கோட்டுக்கு எட்டு மாதம் இருக்கும்போது பெரியவரின் இதயம் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. டாக்டர் மகனிடம், பெரியவர் காதுபடவே, மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு என்றார்.

மருமகள் அன்றே பாலிஷ்காரர் வீட்டுக்குப் போய் நின்றாள். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. வந்தார், ஒரு ஸ்பூன் தண்ணீரைப் பலகையில் விட்டார். தண்ணீர் முத்து முத்தாக அப்படியே நின்றது. "பழைய கோட்டு இன்னும் உயிரோட இருக்கும்மா. மரம் தண்ணி குடிக்கணும். தண்ணிய குடிக்காத மரம் சாயத்தை எங்க குடிக்கும்?" என்றார். அவர் போனதும் மருமகள் உப்புத்தாளை வாங்கி வந்தாள். கடைக்கு லீவு போட்டாள். முதல் பலகையின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மரத்தின் நரம்போட்டம் பார்த்து, கையாலேயே தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு காலத்தில் வெளிச்சம் வேண்டும் என்று சண்டை பிடித்தவள், அந்த நான்கு மணி வெயிலைப் பலகை பலகையாகச் சுரண்டி எடுத்தாள். உள்ளே கட்டிலில் இருந்து, "போதும்மா, கை போயிடும்" என்று பெரியவர் குரல் வரும். "நீங்க மூச்சு விடற வேலையப் பாருங்க மாமா, இத நான் பார்த்துக்கறேன்" என்று இவள் கத்துவாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவாள், பிறகு தேய்ப்பாள். மாலையில் மகன் வந்து ஒரு மூலையில் தேய்ப்பான், பள்ளி விட்டு வந்து மகள் ஒரு மூலையில் தேய்ப்பாள். ஒவ்வொரு பலகை முடிந்ததும் மருமகள் ஸ்பூனில் தண்ணீர் விட்டுக் காத்திருப்பாள். பதினாறாம் நாள், இருபத்திரண்டாவது பலகையிலும் தண்ணீர் இறங்கிக் காணாமல் போனது.

பாலிஷ்காரர் ஐந்தாம் நம்பரை முனைக்கு முனை நிறுத்தாமல் இழுத்தார், கூலி வேண்டாம் என்றார். காய ஒரு முழு நாள், யாரும் கால் வைக்கக் கூடாது. அந்த ஒரு நாள்தான் பன்னிரண்டு வருடத்தைவிட நீளமாக இருந்தது என்று மருமகள் பிற்பாடு சொன்னாள். மறுநாள் நாற்காலியோடு பெரியவரைத் தூக்கிவந்து பின்வாசலில் வைத்தார்கள். எல்லாருடைய முகமும் விளக்குப் போடும் நேரத்து முகமானது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. செருப்பு படியேறியது, முதல் பலகையில் நிற்காமல் இரண்டாவதில் வைத்தது, இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு பலகை பலகையாக வந்தது. ஆணி தளர்ந்த பத்தொன்பதாவது பலகை கிறீச்சிட்டது. அந்தம்மா தோளில் ஆபீஸ் பையோடு பெரியவரின் முன்னால் வந்து நின்று, "பஸ்ஸே கிடைக்கல" என்றார்.

"வெச்ச தண்ணி வத்திப் போச்சு" என்றார் பெரியவர். "இரு, மறுபடி வைக்கிறேன்." எழுந்தே விட்டார். கருகிய பாத்திரத்தைத் தேடி எடுத்து அவரே தேய்த்தார். மகன் "வந்துட்டியாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றான். பெரியவர் டீயோடு வந்து மருமகளையும் பேத்தியையும் காட்டி, "இவ உன் மருமக. நீ நடந்து வந்த பலகை பூராவும் இவ கையால தேய்ச்சது" என்றார். அந்தம்மா மருமகளின் தோலுரிந்த விரல்களைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "எல்லாம் சரி, ஏன் இப்படி இருட்டா அடிச்சு வெச்சிருக்கீங்க? தேன் கலர் எவ்வளவு லட்சணமா இருந்திருக்கும்!" என்றார்.

கறுப்பாக்கலாம், வெளுப்பாக்க முடியாது என்று மருமகள் எடுத்துச் சொன்னாள். மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை, எந்தப் பாலிஷ்காரன் அப்படிச் சொன்னான், கூப்பிடு அவனை என்றார். டாக்டர் சொன்ன வாரக்கணக்கைப் பெரியவர் மறந்துவிட்டார், டாக்டரும் நினைவுபடுத்தவில்லை. துணியை இப்போது வாசல் பக்கம் காயப்போடுகிறார்கள். பின்பக்கத்தில் மருமகளுக்கும் மாமியாருக்கும் அந்தச் சாயப் பேச்சு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. டீ ஆறுகிறது என்று பெரியவர் நடுவில் நடுவில் சொல்கிறார்.