அக்காவின் சிரிப்புக்கு ஒரு கேமரா

அறுவைச் சிகிச்சை அறைக்கு அழைத்துச் செல்ல ஆள் வருவதற்குள் அக்காவின் சிரிப்பைப் படமாக்கிவிட வேண்டும். காதடியில் முளைத்த கட்டியோடு முகத்து நரம்பையும் அறுத்தெடுக்க வேண்டும், அதன்பின் இடக்கன்னம் அசையாது என்று மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். ஊரார் வீட்டுத் திருமணங்களையெல்லாம் படமெடுத்த தங்கையிடம் சொந்த அக்கா வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

எடுக்காமலில்லை. அவளுடைய பெரிய டிஜிட்டல் கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் படங்களை அள்ளிக் குவிக்கும். குவித்த அத்தனையிலும் அக்கா பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவள்போலவே இருந்தாள். சில்லறையில்லாமல் சண்டைக்கு நிற்கும் பயணியையும் சிரிக்கவைத்து இறக்கிவிடும் பேருந்து நடத்துநர் அவள். லென்ஸைக் கண்டால் மட்டும் கல்லாய்ச் சமைந்துவிடுவாள்.

"மூஞ்சிய மறைச்சுக்கிட்டு துப்பாக்கி மாதிரி நீட்டினா எவடி சிரிப்பா?"

குற்றம் கருவியின்மீதுதான் என்று தங்கைக்குப் பட்டது. தொழில் தோழர் ஒருவரிடம் கெஞ்சிச் சிறிய ஃபிலிம் கேமரா ஒன்றை இரவல் வாங்கினாள். அதில் பார்க்கும் சாளரம் லென்ஸோடு சேராமல், மேலே ஓரமாகத் தனித்திருந்தது. ஒரு கண் அதற்குள் இருக்க, மறுகண் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

பலித்தது. மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி அக்கா ஆரம்பித்தாள். "அந்த நர்ஸ் இருக்காளே, 'நல்லா தூங்குங்க'ன்னு சொல்றதுக்காகவே என்னை நாலு தடவை எழுப்பினா!" சொல்லிவிட்டுக் கட்டில் குலுங்கச் சிரித்தாள். தங்கையின் விரல் அழுத்தியது. சுருளை நகர்த்தி மறுபடி அழுத்தியது.

"என் பல்லையெல்லாம் எண்ணிட்டியா?"

தள்ளுகட்டில் உள்ளே வந்தது. தங்கை கேமராவை இறக்கிப் பார்த்தாள். லென்ஸின்மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது. பெரிய கேமராவில் மூடியைக் கழற்ற மறந்தால் இருட்டே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சாளரத்திலோ எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா... ஒண்ணுமே விழலை."

"தெரியும்டி. மூடி இருந்ததைப் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

"சொன்னா திறந்துடுவியே."

தங்கை மூடியைப் பிடுங்கினாள். "ஒண்ணே ஒண்ணுக்கா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அக்கா முயன்றாள். உதடுகள் விரிந்தன, கண்கள் உடன்படவில்லை. விரிந்த உதடுகளே துடித்து அழுகைக்குத் திரும்பின. "வரலையேடி. அழுதுக்கிட்டேவா உள்ள போகணும்?"

"அம்மா, நேரமாச்சு," என்றார் தள்ளுகட்டிலோடு வந்தவர்.

பொத்தான்மேல் தங்கையின் விரல் தவித்தது. அழுத்தினால் கிடைப்பது இந்த அச்சம். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அக்கா பார்க்கும்படி மூடியைத் திரும்பப் பொருத்தினாள்.

"கண்டக்டரம்மா, இப்பப் பல்லைக் காட்டுங்க பார்ப்போம்."

"போடி கழுதை!" அக்கா சிரித்துவிட்டாள். இரு கன்னமும் ஏற, கண்ணீர் காதுவரை வழிய, சிகிச்சை அறைக் கதவு தாண்டும்வரை சிரித்தாள்.

கதவு மூடிய கணமே தங்கை அந்தச் சிரிப்பை நினைவில் நிறுத்தப் பார்த்தாள். முதலில் ஏறியது வலக்கன்னமா, இடக்கன்னமா? இடதுதான் என்றது மனம். கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். இல்லை, வலதோ? கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.